நிற்கக் கூடாத இடம் பிறந்த கதை

நினிவே நகரத்து மன்னன் சனகெரிப்புக்குத் தன் தலைநகரின் ராஜவீதி மேல் தீராத ஆசை. கி.மு. 705 முதல் 681 வரை அசீரியாவை ஆண்டவன் அவன். டைகிரீஸ் ஆற்றங்கரை நகரான நினிவேயின் அந்த வீதியை 52 பெரிய முழம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்துக்கு விரித்தான். விரித்ததோடு விடவில்லை. வீதியின் இருபுறமும் எதிரெதிராகக் கல் நட்டு அதில் ஒரு கட்டளையையும் வெட்டி வைத்தான். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுகிறவன் அஸ்திவாரத்தை வீதிக்குள் நீட்டினால், அவனுடைய வீட்டின் மேலேயே அவனைக் கழுவேற்ற வேண்டும்!

வீதியில் தேரை நிறுத்தியவனுக்குத்தான் அந்தக் கழு என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பி, உலகமெல்லாம் சுற்றி வருகிறது. கல்லில் அப்படி இல்லை. அதில் இருப்பது வீட்டைப் பற்றிய பேச்சு, வண்டியைப் பற்றியது அல்ல. ஆனால் ஊர்ப் பொதுவான வீதியைத் தனி ஆள் அடைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் அங்கேயே பிறந்துவிட்டது. வண்டிக்கும் அந்த எண்ணம் வந்து சேர ரோமாபுரி வரை போக வேண்டியிருந்தது.

ரோமில் தெருக்கள் குறுகல், வண்டிகள் ஏராளம். கி.மு. 45-ஐ ஒட்டி ஜூலியஸ் சீசரின் பெயரால் வந்த சட்டம், சூரியன் உதித்ததிலிருந்து பகலின் பத்தாம் மணி வரை பாரவண்டி எதுவும் நகருக்குள் ஓடக் கூடாது என்றது. விதிவிலக்குகளில் முதன்மையானது கோயில் கட்டச் சாமான் ஏற்றி வரும் வண்டி. பகல் நெரிசல் அதனால் குறைந்தது உண்மை. ஆனால் இரவெல்லாம் சக்கரச் சத்தம்; ஜூவனல் என்ற கவிஞர் தூக்கம் போச்சே என்று புலம்பித் தீர்த்தார். நெரிசலை நேரம் மாற்றி வைக்க முடிந்ததே தவிர, ஓடாத வண்டியை என்ன செய்வது என்று ரோமாபுரிக்கும் விடை தெரியவில்லை. அந்தக் கேள்வி அடுத்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் அப்படியே கிடந்தது, ஒரு சிறுவன் கண்ணில் படும் வரை.

1867. நியூயார்க்கின் பிராட்வே வீதி. தாயோடு குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தான் ஒன்பது வயது வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ. வண்டி சட்டென்று நின்றது. முன்னால் சிக்கல். யாரும் யாருக்கும் வழி விடவில்லை. எல்லாரும் கத்தினார்கள், எவரும் நகரவில்லை. அங்கே மாட்டிக்கொண்டிருந்த வண்டிகள் மொத்தமே ஒரு டஜன்தான். கொஞ்சம் ஒழுங்கு இருந்தால் போதும், எல்லாம் நகர்ந்துவிடும் என்று அன்றைக்குத் தோன்றியதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தார் ஈனோ. பன்னிரண்டு வண்டிகள் அடைத்துக்கொண்ட அந்த நிமிடத்திலிருந்துதான் இன்றைய சாலை விதிகளின் வம்சாவளி தொடங்குகிறது. ஆனால் பையன் வளர்ந்து ஆளாகி, வேலையையும் விட்டு விலகும் வரை அந்த யோசனைக்கு ஒரு காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

தந்தை ஏமஸ் ஈனோ பெரிய நில வியாபாரி. அவர் 1898-இல் இறந்து சொத்து கைக்கு வந்ததும், மகன் தொழிலை உதறிவிட்டுச் சாலையைப் பிடித்துக்கொண்டார். 1900-இல் ஒரு பத்திரிகையில், நம் தெருப் போக்குவரத்துக்குச் சீர்திருத்தம் உடனே வேண்டும் என்று எழுதினார். 1903-இல் நியூயார்க் போலீஸ் அவருடைய வண்டியோட்டும் விதிகளை ஏற்றுக்கொண்டது. நகரசபை அச்சிட்டுத் தரவில்லை. கைக்காசைப் போட்டு அச்சடித்து வண்டிக்காரர்களுக்குக் கொடுத்தவர் ஈனோவேதான். விதிகளில் சில, நிற்பதைப் பற்றி. வலது ஓரத்தை ஒட்டித்தான் நிறுத்த வேண்டும். இடதுபுறம் ஓரத்தில் படும்படி எதிர்த் திசையில் நிறுத்தக் கூடாது. பாதசாரிகள் கடக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. நிற்கப் போகிறோம் என்றால் சாட்டையையோ கையையோ உயர்த்திப் பின்னால் வருகிறவனுக்குக் காட்ட வேண்டும். உலகத்துக்கே சாலை விதி எழுதிய இந்த மனிதர் கடைசி வரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்பார்கள். விதிகள் எல்லாமே ஆங்கிலத்தில், வரிவரியாக. அந்த வரிகளைப் படிக்கத் தெரியாதவன் ஒருவன் காரில் வந்து இறங்கினால்?

அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் ஐரோப்பாவில் அப்போதே கிளம்பிவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பாரிஸில் காரை எடுத்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார்கள். வழியில் நாட்டு எல்லைகள், வேறுவேறு மொழிகள். வளைவுக்கு முன்னால் நட்டிருந்த பலகையைப் படித்து முடிப்பதற்குள் கார் பள்ளத்தில் கிடந்தது. 1909 அக்டோபர் 11 அன்று அரசுகள் பாரிஸில் கூடி உடன்படிக்கை செய்தன. வெளிநாட்டு ஓட்டுநருக்கும் காருக்கும் சர்வதேசச் சான்றிதழ், எந்த நாட்டு வண்டி என்று சொல்லும் எழுத்துப் பட்டை, பிறகு எழுத்தே இல்லாத படக்குறிகள். மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட் என்று அந்தப் படங்கள் நான்கே நான்கு. அதே 1909-இல்தான், திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்ற இளைஞர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பாரிஸ் பேச்சுக்கும் அவருக்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாரிஸ் மேஜையில் இருந்தவர்களும் ஒன்றை மறந்திருந்தார்கள். நான்கு படங்களுமே ஓடும் வண்டிக்கு. நின்ற வண்டியைப் பற்றி ஒரு படமும் இல்லை.

மறந்ததில் வியப்பில்லை. கார் அன்றைக்கு அபூர்வப் பொருள். அதை எங்கே நிறுத்தினாலும் ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. அதற்குள் ஹென்றி ஃபோர்டு வந்துவிட்டார். 1913-இல் அவருடைய ஆலையில் ஓடும் உற்பத்தி வரிசை தொடங்கியது. 1927-இல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளியே வந்திருந்தன. குதிரை வண்டி வேலை முடிந்ததும் லாயத்துக்குப் போகும். கார் அப்படியல்ல, சொந்தக்காரர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் தெருவிலேயே நின்றது. ஓடும் காரைவிட நிற்கும் காருக்குத்தான் அதிக இடம் வேண்டும் என்பது மெல்ல உறைத்தது. இரண்டு கண்டங்கள் இரண்டு விதமாக விடை தேடின. ஒன்று படம் வரைந்தது. இன்னொன்று காசு கேட்டது.

படம் வரைந்தது ஐரோப்பா. முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கம் ஜெனீவாவில் உட்கார்ந்ததும், சாலைப் போக்குவரத்துக்கு ஒரு குழு போட்டார்கள். 1926-இல் பாரிஸில் புதிய உடன்படிக்கை வந்தது. வெளிநாட்டில் காரோட்ட உதவும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் அதன் குழந்தை. 1931 மார்ச் 30 அன்று ஜெனீவாவில் சாலைக் குறியீடுகளை ஒன்றாக்கும் உடன்படிக்கை. முக்கோணம் என்றால் அபாயம், வட்டம் என்றால் கட்டளை, சிவப்பு என்றால் கூடாது. முதல்முறையாக நிற்கும் வண்டிக்கும் அங்கே ஒரு படம் கிடைத்தது. சிவப்பு விளிம்பு, நடுவில் நீலம், குறுக்கே சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை. எழுத்து இல்லை, வண்டிப் படமும் இல்லை.

அதே 1931-இல் அதே சர்வதேச சங்கம் தன் அறிவுசார் ஒத்துழைப்புக் குழுவுக்கு இந்தியாவிலிருந்து ஒருவரை நியமித்தது. திருத்தணி ராதாகிருஷ்ணன்! தத்துவத்துக்கும் சாலைக் குறிக்கும் வேறுவேறு அறைகள்தான். ஆனால் அந்த நீல வட்டம் பிறந்த சபையில் திருத்தணிக்காரர் ஒருவருக்கு நாற்காலி இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைக் கடந்து போக மனம் வரவில்லை. அந்த வட்டம் திருத்தணிக்கு வந்து சேரத்தான் இன்னும் நாள் பிடித்தது. நடுவில் அமெரிக்காவில் ஒரு கொலை வழக்கு வேறு குறுக்கிட்டது.

கார்ல் மகீ பத்திரிகை ஆசிரியர். நியூ மெக்சிகோவில் இருந்தபோது, அமெரிக்க அமைச்சர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய டீபாட் டோம் எண்ணெய் ஊழலை வெளியே இழுத்தவர்களில் ஒருவர். அவர் எழுத்தால் கொதித்துப்போயிருந்த நீதிபதி ஒருவர் 1925-இல் ஒரு ஓட்டலில் அவரைத் தாக்கிக் கீழே தள்ளினார். மகீ துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு குறி தவறி, விலக்கிவிட வந்தவர் மேல் பாய்ந்தது, அவர் இறந்தார். வழக்கில் விடுதலை கிடைத்தது. அந்த ஊரில் அதற்குமேல் இருக்கப் பிடிக்காமல் மகீ ஓக்லஹோமா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவில் அவரைப் போட்டார்கள். மேஜைக்கு வந்த முதல் புகாரே தலைவலி.

கடைத்தெருவில் வாடிக்கையாளருக்குக் கார் நிறுத்த இடமே இல்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்து கடை வாசலிலேயே காரை விட்டுவிட்டு மாலையில்தான் எடுத்தார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தது. போலீஸ்காரர் ஒவ்வொரு டயரிலும் சாக்கட்டியால் கோடு இழுத்து விட்டுப் போவார். திரும்பி வரும்போது கோடு அதே இடத்தில் இருந்தால் அபராதம். கார்க்காரர் ஈரத்துணியால் துடைத்துவிடுவார், விஷயம் முடிந்தது. இடத்துக்கு ஒரு கடிகாரமும் ஒரு உண்டியலும் இருந்தால்? மகீ ஒரு மாதிரி செய்து பார்த்தார், சரிவரவில்லை. பக்கத்து வேளாண்மை இயந்திரவியல் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி வைத்தார். வந்த மாதிரிகள் ஒன்றுமே தெருவில் நிற்கும் தரத்தில் இல்லை. கடைசியில் பேராசிரியர் ஹோல்கர் தூசனும், முன்னாள் மாணவர் ஜெரால்டு ஹேலும் உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்தார்கள். காசைப் போட்டுப் பிடியைத் திருப்பினால் உள்ளே சுருள்வில் முறுக்கேறும், நேரம் முடிந்ததும் கொடி எழும்பும்.

1935 ஜூலை 16 அன்று, முதல் தெருவும் ராபின்சன் சாலையும் சேரும் மூலையில் முதல் மீட்டர் நின்றது. மணிக்கு ஐந்து சென்ட். கொஞ்சம் பேருக்குக் கோபம், கொஞ்சம் பேருக்கு விளையாட்டு. சிலர் மடக்கு மேஜையைக் கொண்டுவந்து, ஐந்து சென்ட் போட்டு, கார் நிறுத்தும் இடத்தில் சீட்டாட உட்கார்ந்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். முதலில் மாட்டியவர் ஒரு பாதிரியார்! சில்லறை மாற்றக் கடைக்குள் போயிருந்தேன் என்றார்; வழக்கு தள்ளுபடி ஆனது. தெருவின் ஒரு பக்கத்தில்தான் மீட்டர் வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர்களே ஓடி வந்து எங்களுக்கும் வையுங்கள் என்றார்கள். காரணம் எளிது. இடம் இருந்தது, இடத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது, வியாபாரம் நடந்தது. மகீயின் இந்த வெற்றியில் ஒரு பாடம் ஒளிந்திருந்தது: அவர் நிற்காதே என்று சொல்லவில்லை, இங்கே நில் என்றார்.

அபராதம் கட்டாமலே போனவர்களுக்கு டென்வர் நகரம் 1955-இல் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. சக்கரத்தை இறுக்கும் இரும்புப் பூட்டு. அதைச் செய்தவர் ஃபிராங்க் மாருக். மாலையானால் டென்வர் சிம்பொனியில் வயலின் வாசிக்கிறவர். இன்று சென்னைத் தெருவில் போலீசார் சக்கரத்தில் மாட்டும் மஞ்சள் பூட்டு அந்த வயலின்காரரின் வாரிசு. ஆனால் பூட்டு, மீட்டர், சாக்கட்டி என்று என்ன வந்தாலும், எல்லை தாண்டி வந்த ஓட்டுநருக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. நிற்கக் கூடாது என்றால், பாட்டியை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாதா?

அதற்குப் பதில் வியன்னாவில் கிடைத்தது. ஐக்கிய நாடுகள் மாநாட்டில் 1968 நவம்பர் 8 அன்று சாலைப் போக்குவரத்துக்கு ஒன்று, சாலைக் குறியீடுகளுக்கு ஒன்று என்று இரு உடன்படிக்கைகள். ஆளை ஏற்றி இறக்கவோ, சரக்கை ஏற்றி இறக்கவோ ஆகும் நேரம் மட்டும் நின்றால் அது தற்காலிகமாக நிற்பது. அதற்கு மேல் நின்றால் நிறுத்தி வைப்பது. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புப் பட்டை என்றால் நிறுத்தி வைக்கக் கூடாது. பாட்டியை இறக்கிவிட்டுப் போகலாம். இரண்டு பட்டைகள் குறுக்கும் மறுக்குமாக, பெருக்கல் குறி போல இருந்தால் நிற்கவே கூடாது. பாட்டிக்கும் அனுமதி இல்லை. ஜெர்மனி இதற்கு ஒரு கடிகாரமும் வைத்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, ஓட்டுநர் வண்டியை விட்டுப் போனாலோ அது நிறுத்தி வைப்பதுதான்.

உலகம் முழுதும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச அனுமதிப் புத்தகம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறும் தமிழர், லண்டனில் இரட்டை மஞ்சள் கோட்டைப் பார்ப்பார், நிறுத்தினால் தண்டம். சிங்கப்பூரில் வளைந்து நெளிந்து போகும் இரட்டை மஞ்சள் கோடு. அங்கே நிற்கவே கூடாது. கலிபோர்னியாவில் நடைபாதை விளிம்பே சிவப்பாக இருக்கும். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் வண்டி இருக்கக் கூடாது என்பது பலகையே இல்லாமல் எல்லாருக்கும் தெரிந்த விதி. கோடும் நிறமும் ஊருக்கு ஊர் மாறினாலும் அந்த நீல வட்டம் கண்டம் தாண்டிப் பரவிக்கொண்டே இருந்தது. இந்தியாவிலும் 1939 மோட்டார் வாகனச் சட்டம் தன் அட்டவணையிலேயே சாலைக் குறிகளுக்கு இடம் கொடுத்தது. 1988 சட்டமும் அதைத் தொடர்ந்தது. வட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தாயிற்று. அதற்கு மிகப் பொருத்தமான ஊர் ஒன்று எல்லையோரத்தில் காத்திருந்தது.

அந்த ஊரையே எல்லை ஒருமுறை தாண்டிப் போய் வந்திருக்கிறது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கரின் சமரசம், 1959-இல் நாடாளுமன்றச் சட்டம் என்று நீண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. கோடு வரைபடத்தில் மாறியது. ஐந்தாம் படைவீட்டு முருகனுக்கு நேர்ந்துகொண்ட தெலுங்குக் குடும்பங்கள் மாறவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அவர்கள் அன்றும் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

முன்பு வந்தவர்கள் மாட்டு வண்டியை அடிவாரத்தில் அவிழ்த்து விட்டு, ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகளை ஏறினார்கள். இன்று மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கிருத்திகை நாளில் திருத்தணி வீதியில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஆந்திரப் பதிவு எண்ணோடு ஒரு வேன், கூரையில் காவடி கட்டியிருக்கிறது. பின்னால் கர்நாடக எண்ணோடு ஒரு சுற்றுலாப் பேருந்து. அதை ஒட்டித் திருவள்ளூர் எண்ணோடு ஷேர் ஆட்டோ. வேன் ஓட்டுகிறவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கன்னடக்காரருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சாலையோரம் பூக்கடைப் பந்தலுக்கு மேலே, சந்தனப் பொடியும் வெயிலும் படிந்து மங்கிப்போய் ஒரு தகடு தெரிகிறது. சிவப்பு விளிம்பு, நீல நடு, குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை.

ஆல்ப்ஸ் தாண்டிய வெளிநாட்டு ஓட்டுநருக்காக ஜெனீவாவில் வரைந்த அதே 'நோ பார்க்கிங்' பலகை. வேன்காரர் அதைப் பார்த்துவிட்டார், புரிந்தும் கொண்டார். பக்திக்கு வந்தவர் வம்புக்கு வரவில்லை. குழந்தைகளையும் பாட்டியையும் காவடியையும் இறக்கிவிட்டார். அதற்கு அந்த ஒற்றைப் பட்டை இடம் தருகிறது. அடுத்து அவர் கேட்பது ஒரே கேள்வி. தெலுங்கில்தான் கேட்கிறார், பூக்கட்டும் அம்மாவும் தெலுங்கிலேயே பதில் சொல்கிறார். பண்டி எக்கட பெட்டாலி? வண்டியை எங்கே விடுவது?

அங்கேதான் பாதிக் கதை நிற்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்கள் போட்டு, போலீசார் வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. சாதாரணக் கிருத்திகைக்கும், வெள்ளி, செவ்வாய்க்கும், கல்யாண முகூர்த்த நாளுக்கும் இந்தக் கேள்விக்குப் பூக்கடை அம்மாதான் பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, சாலைக் குறிகளை நட அதிகாரம் தருகிறது. அடுத்த பிரிவு 117, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வண்டி நிற்கும் இடங்களைக் குறிக்க வழி செய்கிறது. 2019 திருத்தம் பொது விதிமீறலுக்கான 100 ரூபாய் அபராதத்தை 500 ஆக்கியது. அபராதம் ஐந்து மடங்கு ஏறிவிட்டது. அப்படியானால் சிவப்புப் பட்டைத் தகடு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும், நிறுத்துமிடத்துக்கு வழி காட்டும் 'பி' எழுத்து நீலச் சதுரம் ஒன்றும், அம்புக்குறியோடும் தூரத்தோடும் நிற்க வேண்டும். அந்தச் சதுரத்தையும் தெலுங்குக்காரர் படிப்பார், கன்னடக்காரர் படிப்பார், மலேசியாவிலிருந்து வரும் தமிழரும் படிப்பார். அதை நடாமல் அபராதச் சீட்டை மட்டும் நீட்டுவது நியாயமல்ல.